மூன்று விரல் கையுறை

எங்கள் மேனேஜருக்கு அறிவு இருக்கிறதா என்று நான் கேட்கவில்லை. வாய்வரை வந்ததை விழுங்கித் தொலைத்தேன். அந்தக் கோபம் இன்னும் அடங்கவில்லை.

தோல் கையுறை தைக்கிற கம்பெனி. நான் தையல் மெஷினில், அக்கா பரிசோதனை மேஜையில். கூடப் பிறந்தவள் இல்லை, ஆனாலும் அக்காதான். பிறவியிலேயே அவளுக்கு இடது கையில் மூன்றே விரல். அந்த மூன்றை வைத்துக்கொண்டு ஆறு வருடமாக ஒவ்வொரு கையுறையையும் புரட்டி, தையலைத் தடவிப் பார்த்து, விளிம்பின் உட்பக்கம் 'சரி' என்று நீல முத்திரை குத்துகிறாள். தேறாதது 'குறை' என்று எழுதிய பெட்டிக்குப் போகும். அவள் கண்ணில் மண்ணைத் தூவ முடியாது. நானே எத்தனையோ தடவை அவளிடம் மாட்டியிருக்கிறேன்.

அவள் மகளுக்கும் அதே கை. வகுப்பில் கேலி செய்கிறார்களாம். அந்தக் குட்டி கையைப் பாக்கெட்டிலிருந்து எடுக்கவே மாட்டேன் என்கிறதாம். அதற்காகத்தான் சாப்பாட்டு இடைவேளைகளில், கழித்த துண்டுத் தோலில் மூன்று விரல் கையுறை ஒன்றைத் தைத்தாள் அக்கா.

சரக்கு வாங்குகிறவர்கள் கம்பெனியைப் பார்க்க வருகிற நாள் அது. இன்றைக்கு மட்டும் ஸ்டோர் ரூமில் உட்காரு, அவர்கள் கண்ணில் பட வேண்டாம் என்று மேனேஜர் அக்காவிடம் சொன்னார். தப்பாக எடுத்துக்காதே என்று வேறு ஓர் ஒத்தடம். அக்கா பல்லைக் கடித்துக்கொண்டு எழுந்தாள். வேலை போனால் மகளுக்கு யார் இருக்கிறார்கள்?

அப்போதுதான் மேஜை ஓரத்திலிருந்த அந்தச் சின்னக் கையுறை அவர் கண்ணில் பட்டது.

"எவ தச்சா இதை? விரலை எண்ணக்கூடத் தெரியாதா?" என்று அதைக் குறைப் பெட்டியில் வீசினார்.

எனக்கு ரத்தம் கொதித்தது. அக்கா திரும்பி வந்து உட்கார்ந்தாள். பெட்டியிலிருந்து அதை எடுத்து, அவசரமே படாமல் புரட்டி, மூன்று விரலையும் தையல் தையலாகத் தடவினாள். பிறகு முத்திரையை ஓங்கிக் குத்தினாள். மேஜை அதிர்ந்தது.

"தையல்ல ஒரு குறையும் இல்ல சார். என் பொண்ணு கைக்கு அளவாத்தான் இருக்கு. நான் இங்கதான் உக்காருவேன்."

வந்தவர்கள் வந்தார்கள், கையுறைகளைப் பார்த்தார்கள், போனார்கள். மேனேஜர் மட்டும் நாள் முழுக்க மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தார். வைத்துக்கொள்ளட்டும்.

மறுநாள் காலை பள்ளிக்கூட வாசலில் அந்தக் குட்டியைப் பார்த்தேன். கை வெளியே இருந்தது. கையுறையின் விளிம்பை மடித்துவிட்டிருந்தாள். கூட வந்தவள் ஒருத்தி சிரித்துக்கொண்டே ஏதோ கேட்டாள். இவள் கையை அவள் மூக்குக்கு நேரே நீட்டினாள். நீல மையில் எழுதியிருந்தது: சரி.