ஊருக்குத் திரும்புகிறவர்கள் பெயர் கொடுக்கும் மேசை

சனிக்கிழமை காலை ஒன்பதரைக்கு அமெரிக்காவில் டாலஸ் பக்கமுள்ள காப்பெல்லில் என் மகள் சுகந்தி வீட்டிலிருந்து கிளம்பினோம். பிளானோவில் இருக்கும் கோயிலுக்கு இருபது மைல். காங்கேயத்திலிருந்து தாராபுரம் போகிற தூரம்தான். நம் பஸ்ஸில் ஒரு மணி நேரம் ஆகும். இங்கே இருபத்தைந்து நிமிஷம்.

நான் படித்தது ஐந்தாம் வகுப்பு. எழுத்துக் கூட்டித்தான் எழுதுவேன். இதில் இருந்த பிழைகளைச் சுகந்தி திருத்தினாள். விஷயத்தில் கைவைக்க நான் விடவில்லை.

வண்டி ஓட்டியவள் மாரிசோல். வாரம் இரண்டு நாள் மகள் வீட்டைச் சுத்தம் செய்ய வருவாள். சனிக்கிழமை என்னைக் கோயிலுக்குக் கூட்டிப்போவாள். நாற்பது வயது இருக்கும். தென் அமெரிக்காவில் ஒரு நாடு. பெயரை எழுத வேண்டாம் என்று கேட்டுக்கொண்டாள், எழுதவில்லை. மாரிசோல் என்பதும் நான் வைத்த பெயர். அவர்கள் நாட்டு ஜனாதிபதியை இறக்கிவிட்டார்கள் என்று செய்தி வந்த நாளிலிருந்து அவளுக்கு முகமே சரியில்லை. நல்ல சேதிதானே என்று நான் நினைத்திருந்தேன்.

வாசலில் சுகந்தி என் பையைத் திறந்து பார்த்தாள். "பாஸ்போர்ட் ஜெராக்ஸ் வெச்சிருக்கேன். யூனிஃபார்ம்ல யாராச்சும் கேட்டா அதக் காட்டு. நீ வாயத் தொறக்காத. உடனே எனக்கு கால் பண்ணு."

"நான் என்ன திருடீட்டா வந்தேன்?"

"இப்பல்லாம் அதப் பாத்துட்டா புடிக்கறாங்க?"

மாரிசோல் இதைக் கேட்டுக்கொண்டு ஸ்டியரிங்கைத் துடைத்தபடி இருந்தாள். அவளுக்கு இங்கே தங்கக் கொடுத்த அனுமதி முடிந்துவிட்டது. வக்கீல் வைத்து மனுப் போட்டிருக்கிறாள், பதில் வரவில்லை. அதனால் மஞ்சள் விளக்கு விழுந்தாலே நின்றுவிடுவாள். பின்னால் ஹாரன் அடித்தாலும் நகரமாட்டாள்.

எங்கள் இருவருக்கும் நடுவில் அவளுடைய போன்தான் பேசும். அவள் ஸ்பானிஷில் சொன்னால் அது தமிழில் சொல்லும். ரேடியோவில் செய்தி வாசிக்கிற தமிழ்.

பத்து மணிக்கு முன்பு, 121 டோல் ரோட்டில் போகும்போது போன் சொன்னது: "அம்மா, வேறோர் இடத்தில் பத்து நிமிடங்கள் நிற்க அனுமதிப்பீர்களா? என் கணவர் என் பாஸ்போர்ட்டை எடுத்துச் சென்றுவிட்டார்."

கணவன் வில்மரை எனக்குத் தெரியும். மகள் வீட்டுப் புல்லை வெட்ட வருவான். என் கையால் பணியாரம் வாங்கித் தின்றிருக்கிறான். அன்று பிளானோவில் ஒரு கடைத்தெருவின் பார்க்கிங்கில் அவர்கள் நாட்டு ஜனங்கள் கூடுகிறார்களாம். ஊருக்குத் திரும்ப விரும்புகிறவர்கள் பெயர் கொடுக்க அங்கே ஒரு மேசை போட்டிருக்கிறார்களாம். பாஸ்போர்ட்டைக் காட்டி எழுத வேண்டும். வில்மர் இரண்டு பேர் பெயரையும் எழுதப் போயிருக்கிறான்.

"ஜனாதிபதி போய்விட்டார், இனி பயமில்லை என்கிறார் என் கணவர். எங்கள் தெருவுக்கு ஒரு தலைவர் இருந்தார். ரேஷன் மூட்டைகளைத் திருடினார். நான் சாட்சி சொன்னேன். ஜனாதிபதி போனார். இவர் போகவில்லை. அதே நாற்காலியில் இருக்கிறார்" என்றது போன்.

பத்தே காலுக்கு அந்த இடம் வந்தது. நம் ஆட்களின் மளிகைக் கடையும் தோசைக் கடையும் அங்கேதான் இருக்கின்றன. ஒரு முழம் மல்லிகை ஆறு டாலர் என்று பலகை. கடைகளின் முன்னால் கொடி பிடித்துக்கொண்டு நூறு பேர் பாடிக்கொண்டிருந்தார்கள். சாலைக்கு அந்தப் பக்கம் முப்பது பேர், கையில் போட்டோக்களோடு. அந்தப் போட்டோக்களில் இருப்பவர்கள் இன்னும் ஜெயிலில் இருக்கிறார்களாம். நடுவில் ஒரு போலீஸ் கார், விளக்கு மட்டும் சுற்றிக்கொண்டிருந்தது.

மாரிசோல் வண்டியைக் கடைசி வரிசையில், ஒரு பெரிய வேனுக்குப் பின்னால் நிறுத்தினாள். கை ஸ்டியரிங்கை விடவில்லை. நான் ஜன்னலை இறக்கிப் போனை வெளியே நீட்டினேன். இரண்டு பக்கத்துச் சத்தத்தையும் அது ஒரே குரலில், ஒரே மரியாதையோடு சொன்னது. "இப்போது மருந்து கிடைக்கிறது." "பொய் கூறுகிறீர்கள்." "நாடு விடிந்துவிட்டது." "என் அண்ணனை முதலில் வெளியே விடுங்கள்." "நீங்கள் டெக்சாசில் அமர்ந்துகொண்டு அழுகிறீர்கள்." "நீங்களும் டெக்சாசில்தான் ஆடுகிறீர்கள்." யார் எந்தக் கட்சி என்று எனக்குப் பிரித்துப் பார்க்க முடியவில்லை. மாரிசோலுக்கு முடிந்தது. ஒவ்வொன்றுக்கும் அவள் சீட்டில் இன்னும் கீழே சரிந்தாள்.

போலீஸ் காருக்கு முன்னால் அவள் இறங்கி நடக்கமாட்டாள் என்று தெரிந்துபோயிற்று.

"நீ இரு கண்ணு. நான் போறேன்" என்றேன். போன் அதைச் சொல்லி முடிக்கும் முன் அதையும் எடுத்துக்கொண்டு இறங்கிவிட்டேன். சொன்ன பிறகு யோசித்தால் கால் வராது.

நூறடி இருக்கும். எழுபத்திரண்டு வயதில் அவ்வளவு நீளமான நூறடி நடந்ததில்லை. போலீஸ்காரர் என்னைப் பார்த்தார். போனைப் பைக்குள் போட்டு, பையைக் கக்கத்தில் இறுக்கிக்கொண்டேன். கொடியைத் தோளில் போட்ட ஒரு தடியான ஆள் கையை வீசி, "வாயா, செஞோரா, வாயா!" என்று கத்தினான். செஞோரா என்றால் அம்மா என்று தெரியும். இவ்வளவு கூட்டத்திலும் வாய்யா என்று கூப்பிடுகிறானே, இவர்கள் பாஷையிலும் அது உண்டு போலிருக்கிறது என்று நினைத்தேன். கைகூப்பிக்கொண்டு அவனிடம் போனேன். அவன் இன்னும் உரக்க, "வாயா!" என்றான். நான் இன்னும் வேகமாகப் போனேன். கடைசியில் அவனே விலகி வழிவிட்டான். 'வாயா' என்றால் 'போ' என்று சுகந்தி வீட்டில் வைத்துச் சொன்னாள். முன்பே தெரிந்திருந்தால் அந்த இடத்திலேயே திரும்பியிருப்பேன்.

மேசையில் ஒரு பெண் நோட்டை விரித்து வைத்திருந்தாள். வில்மர் குனிந்து நின்றிருந்தான், கையில் பேனா.

"அவ பாஸ்போர்ட்டக் குடு" என்று போனை வெளியே எடுத்து அவன் முகத்துக்கு நேரே நீட்டினேன்.

அவன் திடுக்கிட்டுப் போனான். "அம்மா, எங்கள் நாடு எங்களுக்குத் திரும்பக் கிடைத்திருக்கிறது. என் தாயை ஏழு ஆண்டுகளாக நான் பார்க்கவில்லை."

"போய்ப் பாரு சாமி. வேண்டாம்னு யாரு சொன்னா? அவ பேர எதுக்கு எழுதற?"

"இங்கே அவளைப் பிடித்தால் விலங்கு மாட்டி அனுப்புவார்கள். நாங்களாகப் போனால் மனிதர்களைப் போலப் போகலாம்."

அவனும் பயந்துதான் அந்த மேசைக்கு வந்திருக்கிறான். கொண்டாட்டத்தில் நின்றுகொண்டு பயப்படுகிறவனிடம் என்ன பேசுவது? ஒன்றே ஒன்று கேட்டேன். "அந்த ரேஷன்காரன் போயிட்டானா?"

போன் சொன்னது. அவன் பேனாவை மேசைமேல் வைத்தான். சட்டைப் பையிலிருந்து இரண்டு பாஸ்போர்ட்டை எடுத்தான், ஒன்றைத் திறந்து போட்டோவைப் பார்த்தான், என்னிடம் கொடுத்தான். பிறகு குனிந்து தன் பெயரை மட்டும் எழுதினான்.

வண்டிக்கு வந்து கொடுத்ததும் மாரிசோல் அதைச் சட்டைக்குள் செருகிக்கொண்டாள். போன் கேட்டது: "அவர் தன் பெயரை எழுதினாரா?"

"எழுதீட்டான் கண்ணு."

அன்று கோயிலுக்குப் போகவில்லை. திரும்பும் வழியில் மூன்று மைலுக்கு ஒரு போலீஸ் கார் எங்கள் பின்னாலேயே வந்தது. நாங்கள் இரண்டு பேரும் நேரே பார்த்துக்கொண்டிருந்தோம். அது வேறு பாதையில் இறங்கிய பிறகுதான் மாரிசோல் அழுதாள்.

அதற்குப் பன்னிரண்டாம் நாள் நான் ஊருக்குக் கிளம்பினேன். சுகந்திக்கு ஆஸ்பத்திரியில் டூட்டி. மாரிசோல்தான் டாலஸ் ஏர்போர்ட்டுக்குக் கொண்டுவந்தாள். காப்பெல்லிலிருந்து பத்து மைல்கூட இல்லை. வாசலில் நிறுத்தி, இஞ்சினை அணைக்காமலே பெட்டியை இறக்கினாள். உள்ளே வரவில்லை. வில்மர் முந்தின செவ்வாய்க்கிழமையே போய்விட்டான்.

"அவன் கூப்ட்டானா?" என்று கேட்டேன்.

அவன் அனுப்பியிருந்த குரலைப் போட்டாள். போன் தமிழில் சொன்னது: "வந்து சேர்ந்தேன். எல்லாம் நன்றாக இருக்கிறது. நீங்களும் வரலாம்."

"நல்லதுதானே?" என்றேன்.

அவள் இல்லை என்று தலையை ஆட்டினாள். தன் கையை இடுப்பு உயரத்துக்குத் தாழ்த்தி ஸ்பானிஷில் ஒரு வார்த்தை சொன்னாள். தலைக்கு மேலே உயர்த்தி இன்னொரு வார்த்தை. முதலாவது 'நீ', இரண்டாவது 'நீங்கள்' என்று சைகையில் புரிந்தது. கல்யாணமான பதினைந்து வருஷத்தில் அவன் அவளை 'நீ' என்று தவிரப் பேசியதில்லை. இதில் 'நீங்கள்' என்கிறான். போன் எல்லாரையும் நீங்கள் என்றுதான் சொல்லும், அதனால் எனக்குத் தெரியவில்லை. தெரிந்த பிறகும் முதலில் உறைக்கவில்லை. எங்கள் கொங்குப் பக்கம் கைக்குழந்தைக்கும் 'ங்க' போடுவோம். மரியாதையில் பயப்பட என்ன இருக்கிறது?

அவள் மறுபடியும் அந்தக் குரலைப் போட்டாள், இந்த முறை தமிழ் இல்லாமல். எனக்கு ஒரு சொல்லும் புரியவில்லை. ஆனால் பக்கத்தில் யாரோ நிற்க, எழுதிக்கொடுத்ததைப் படிக்கிறவனின் குரல் எனக்குத் தெரியும். பணியாரத்துக்கு நன்றி சொன்ன குரல் அது இல்லை.

"போகாதே" என்றேன். அதை மாற்றிச் சொல்லப் போன் வேண்டியிருக்கவில்லை.

உள்ளே கவுண்டரில் ஒரு தமிழ்ப் பெண். என் பாஸ்போர்ட்டைப் புரட்டிவிட்டுச் சிரித்தாள். "ஊருக்குப் போறீங்களா ஆண்ட்டி? ஹேப்பியா?"

கண்ணாடிக்கு வெளியே மாரிசோலின் வண்டி இன்னும் நின்றுகொண்டிருந்தது. ஆமாம் என்று தலையை மட்டும் ஆட்டினேன். அதை வாய்விட்டுச் சொல்ல எனக்கு வெட்கமாக இருந்தது.