ஜீரோக்காரர் உட்காராத சீட்டு

டயர் கடையில் அவருக்கு ஜீரோக்காரர் என்று பெயர். சக்கரத்தைச் சுழற்றிப் பார்க்கும் பேலன்சிங் மிஷினில் இரண்டு பக்கமும் ஜீரோ காட்டாமல் எந்தச் சக்கரத்தையும் கீழே இறக்க மாட்டார். ஐந்து கிராம் வித்தியாசத்தில் என்ன குடியா முழுகிவிடும் என்று முதலாளியே கேட்டுப் பார்த்திருக்கிறார். மனுஷன் காதில் போட்டுக்கொண்டால்தானே? விளிம்பில் இருந்த ஈயத் துண்டைப் பிடுங்கி, வேறொன்றை அடித்து, மறுபடி சுழற்றி, ஜீரோ வந்த பிறகுதான் நிமிர்வார். இருபத்திரண்டு வருஷமாக இதே கதை.

அப்பேர்ப்பட்டவருடைய சொந்தக் கார் ஆடியது. எண்பதைத் தொட்டால் ஸ்டியரிங் கிடுகிடுவென்று உதறும், எழுபதுக்கு இறங்கினால் ஒன்றும் தெரியாத பிள்ளை மாதிரி அடங்கிவிடும். கடையில் இதை வைத்து அவரை ஓட்டாத ஆள் பாக்கியில்லை.

கேலியை அவர் தாங்கிக்கொண்டிருப்பார். மனைவிதான் விஷயம். அந்த அம்மாள் கணக்கு டீச்சர். முதுகில் ஆபரேஷன் முடிந்து ஆறு மாத லீவில் இருந்தாள். வாரா வாரம் வியாழக்கிழமை ஒன்றரை மணி நேரம் காரில் போய் டாக்டரிடம் காட்ட வேண்டும். ஆபரேஷனுக்குப் பிறகு வந்த கால் நடுக்கம் நின்றுவிட்டால் திரும்பப் பள்ளிக்கூடம் போகலாம் என்று டாக்டர் சொல்லியிருந்தார். அதற்காகவே அவள் நாளை எண்ணிக்கொண்டிருந்தாள். பள்ளிக்கூடத்திலிருந்து வரவழைத்த விடைத்தாளை மல்லாந்து படுத்தபடி முகத்துக்கு நேரே தூக்கிப் பிடித்துத் திருத்துவாள். கை ஓய்ந்து தாள் மூக்கில் விழுந்தால் மார்க்கில் ஒன்று குறைப்பேன் என்பாள்.

தையல் போட்ட முதுகோடு இந்த ஆட்டத்தில் அவளை எப்படிக் கூட்டிப் போவது? ஜீரோக்காரர் காரை ஒரு வழி பண்ணிவிட்டார். நாலு சக்கரத்துக்கும் மூன்று தடவை பேலன்சிங் பார்த்தார். நாலும் ஜீரோ. அலைன்மென்ட் பார்த்தார், ரிம்மின் நெளிவை எடுத்தார், பேரிங் மாற்றினார். கார் அசைந்து கொடுக்கவில்லை, ஆடியது. கடைசியில் முன் சக்கரங்களைக் கழற்றிப் பின்னாலும் பின்னால் இருந்தவற்றை முன்னாலும் மாட்டினார். நூறில் போனபோதும் ஸ்டியரிங் ஒற்றை விரலுக்குக் கட்டுப்பட்டது. வீட்டுக்கு வந்ததும் செருப்பைக்கூடக் கழற்றாமல், "கார் சரியாயிடுச்சு," என்று மனைவியிடம் அறிவித்தார். அன்றைக்கு அவருக்கு இருந்த சந்தோஷத்துக்கு அளவில்லை.

அவள் சாய்ந்துகொள்ளப் பின் சீட்டின் முழு அகலத்துக்கும் ஒரு பலகையை அவரே அறுத்து இழைத்துப் பொருத்தினார். முதுகு நேராக இருக்க வேண்டும் என்பது டாக்டர் உத்தரவு. வீட்டில் படுக்கலாம், நடக்கலாம், உட்காரத்தான் கூடாது. ஆகவே அவள் நெடுநேரம் உட்கார்ந்தது அந்தப் பலகையில் சாய்ந்து மட்டும்தான்.

ஒவ்வொரு வியாழனும் டாக்டர் நடுக்கம் எப்படி இருக்கிறது என்று கேட்பார். உட்கார்ந்து இருபது நிமிஷத்தில் ஆரம்பித்துவிடுகிறது, இடுப்பிலிருந்து கால் வரைக்கும் ஓடுகிறது என்று அவள் சொல்வாள். ஸ்கேனில் ஒன்றும் தெரியவில்லை, நரம்பு அடங்க நாளாகும் போல என்று அவர் மாத்திரையைக் கூட்டினார். அடுத்த மாதம் இன்னும் கூட்டினார். மாத்திரை அவளைத் தூக்கத்தில் தள்ளியது. விடைத்தாள்கள் திருத்தாமலே திரும்பிப் போயின. லீவு முடியும் சமயம், இந்த உடம்போடு வகுப்பில் நிற்க முடியாது என்று வேலையை விடுவதாக எழுதிக் கொடுத்தாள். அந்தக் கடிதத்தைப் பள்ளிக்கூடத்தில் கொண்டுபோய்க் கொடுத்தவர் ஜீரோக்காரர்தான். அவரால் வேறென்ன செய்ய முடியும்? காரென்றால் கழற்றிப் பார்க்கலாம்.

மூன்று வாரம் கழித்து, டயர் கழற்றும் மிஷினில் கையைக் கொடுத்து இரண்டு விரலுக்குக் கட்டுப் போட்டுக்கொண்டார். அந்த வியாழக்கிழமை மனைவியின் தம்பி கார் ஓட்ட வந்தான். ஜீரோக்காரர் பின்னால் ஏறி மனைவிக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார். வாங்கிய நாளிலிருந்து அந்தக் காரில் அவர் ஸ்டியரிங்கை விட்டு வேறெங்கும் உட்கார்ந்ததில்லை.

ஊருக்குள் கார் நன்றாகவே போனது. இருபது நிமிஷத்தில் பெரிய சாலை வந்தது. மச்சான் எண்பதைத் தொட்டான். பலகை நடுங்கியது. அந்த நடுக்கம் ஜீரோக்காரரின் முதுகில் தொடங்கி இடுப்பு வழியாகத் தொடைக்கு இறங்கியது. அவர் மனைவியைப் பார்த்தார். அவள் கண்ணை மூடி, இரண்டு கையாலும் முழங்காலை அழுத்திப் பிடித்திருந்தாள்.

மெதுவாகப் போகச் சொன்னார். எழுபதில் நடுக்கம் நின்றுவிட்டது. மறுபடி எண்பது போகச் சொன்னார். வந்துவிட்டது. ஸ்டியரிங் ஆடினால் முன் சக்கரம், சீட்டு ஆடினால் பின் சக்கரம் என்று வருகிறவன் போகிறவனுக்கெல்லாம் பாடம் எடுத்த வாய் அவருடையது.

காரை ஓரம் கட்டி, அவளைக் கைத்தாங்கலாக இறக்கி நிழலில் நிற்க வைத்தார்கள். மச்சான் ஜாக்கி போட்டுத் தூக்கி, அவள் பக்கத்துப் பின் சக்கரத்தை மெல்ல உருட்டினான். ஜீரோக்காரர் நல்ல கையை டயரின் மேல் வைத்திருந்தார். ஒரு இடத்தில் புடைப்பு தட்டுப்பட்டது. உள்ளே கம்பிப் பின்னல் விட்டுப்போயிருந்தது. மிஷினில் வெறுமனே சுற்றினால் ஜீரோதான் காட்டும், காரின் எடை மேலே ஏறினால்தான் புடைப்பு வேலையைக் காட்டும். முன்னால் இருந்த சனியனைக் கழற்றி அவளுக்கு அடியில் மாட்டியிருந்தார்.

"நடுங்கினது உன் உடம்பு இல்லம்மா. இந்த டயர்," என்றார். பிறகு, கேட்க வாய் கூசினாலும் கேட்டார். "ஏன் என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லல?"

"கார் சரியாயிடுச்சுன்னு நீங்கதானே சொன்னீங்க," என்றாள். "அதுக்கப்புறமும் நடுங்கினா, அது நானாத்தானே இருக்கணும்?"

பள்ளிக்கூடத்தில் போய்ப் பேசிப் பார்க்கலாம் என்று ஆரம்பித்தார். புது டீச்சர் திங்கட்கிழமையே சேர்ந்துவிட்டதாக அவள் சொன்னாள். மச்சான் ஸ்டெப்னியை எடுத்து மாட்டினான்.

திரும்பப் புறப்பட்டு எண்பதில் போனார்கள். பலகை சும்மா இருந்தது. அவள் முழங்காலிலிருந்து கையை எடுத்துவிட்டு வெகுநேரம் தன் கால்களையே பார்த்துக்கொண்டு வந்தாள்.

"அப்ப நான் எப்பவோ நல்லாயிட்டேன்," என்றாள்.

அவள் சிரிக்கிறாளா அழுகிறாளா என்று திரும்பிப் பார்க்க ஜீரோக்காரருக்குத் தைரியம் வரவில்லை.