ரோட்டைப் பார்த்த முனி

எங்கள் தேயிலைத் தோட்டத்தில் ஒரு சாமியை உண்டாக்கியது நான்தான். அண்ணியும் கூட இருந்தாள், அதனால் பாதிப் பெருமை அவளுக்கு. கோயில் கமிட்டிக்கு இது தெரிந்தால் எங்கள் இரண்டு பேரையும் இரத்தினபுரி பஸ்ஸில் ஏற்றிவிட்டுத்தான் மறுவேலை பார்ப்பார்கள்.

கொழுந்து பறிக்கிற பெண்களுக்கு மலையில் ஒதுங்க இடம் கிடையாது. வீடுகள் இருக்கிற லயத்துக்குப் போய்த் திரும்பினால் கொழுந்து குறையும், கங்காணியின் வாய் நீளும். எங்களுக்கென்று இருந்தது பாதைக்குக் கீழே ஒரு பள்ளம். அங்கே ஒரு பலாமரம், ஆளை மறைக்கும் மானாப்புல், புல் நிறைய அட்டை. அட்டையால் எங்களுக்குத் தொந்தரவில்லை. அது கடிக்கும், ஆனால் நின்று பார்க்காது. ஆம்பிளைகள்தான் தொந்தரவு. றப்பர் மலைக்குக் குறுக்குவழி என்று எந்த நேரமும் அந்தப் பள்ளத்தின் வழியாகவே வந்துகொண்டிருப்பார்கள்.

ஆகவே நாங்கள் காலையிலிருந்து தண்ணீர் குடிப்பதில்லை. அண்ணிக்கு நீர்க்கடுப்பு வந்து வந்து, ஒரு தடவை காய்ச்சலும் குளிரும் சேர்ந்து ஆஸ்பத்திரியில் படுக்க வேண்டியதாயிற்று. இப்படியே அடக்கிக்கொண்டிருந்தால் சிறுநீரகம் கெட்டுப்போகும், நிறையத் தண்ணீர் குடி என்று டொக்டர் சிங்களத்தில் ஏசினார். அண்ணி தலையாட்டிவிட்டு வந்தாள். வந்த மறுநாளே வெறும் வாயோடு மலைக்கு ஏறினாள்.

தோட்டத்துத் துரையிடம் போய், "மலையில பொம்பளைங்களுக்கு ஒரு கக்கூசு கட்டிக் குடுங்க ஐயா" என்று கேட்டேன். துரை கங்காணியைப் பார்த்தார், கங்காணி வானத்தைப் பார்த்தார். "பாப்போம்" என்றார் துரை. இதே 'பாப்போம்' என் மாமியாருக்கும் அவருடைய காலத்துத் துரையிடமிருந்து கிடைத்திருக்கிறது.

அந்த வாரம் முற்றின தேயிலைச் செடிகளைக் கவ்வாத்து வெட்டத் தொடங்கினார்கள். கத்தி எடுக்கும் முன் ஒரு கல்லை நட்டு, மஞ்சள் பூசிக் கும்பிடுவது எங்கள் வழக்கம். யாருக்கும் அடங்காத கங்காணி, அந்தக் கல்லைக் கண்டதும் செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு, பத்தடி தள்ளிச் சுற்றிப் போனார். எனக்கு உடனே புத்தி வேலை செய்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை நானும் அண்ணியும் ஆற்றங்கல் ஒன்றைத் தூக்கிக்கொண்டு போய்ப் பள்ளத்தின் வாயில் நட்டோம். மஞ்சள் பூசி, குங்குமத்தால் பெரிய கண் இரண்டு வைத்து, எலுமிச்சம்பழத்தை அறுத்துப் போட்டோம். நாங்கள் ஒதுங்குவதைச் சாமி பார்க்கக் கூடாது என்பதில் அண்ணி கறாராக இருந்தாள். அதனால் கண் ரோட்டுப் பக்கமும் முதுகு எங்கள் பக்கமுமாகத் திருப்பி வைத்தோம்.

திங்கட்கிழமையே குறுக்குவழி காலியாகிவிட்டது. "பள்ளத்துல முனி இருக்காம்" என்று ஆம்பிளைகள் எங்களுக்கே எச்சரிக்கை சொன்னார்கள். நாங்கள் பயந்த மாதிரி கன்னத்தில் போட்டுக்கொண்டோம். அந்த மழைக்காலம் முழுக்க அண்ணி தண்ணீர் குடித்தாள், முகத்தில் தெளிவு வந்தது. எனக்கு என் கெட்டிக்காரத்தனத்தை நினைத்துத் தலைகால் புரியவில்லை.

பிறகு கங்காணியின் மாடு காணாமல் போனது. அந்த மனிதர் எங்கள் முனியிடம் போய் நேர்ந்துகொள்ள, மாடு அன்றைக்கே நிவித்திகல ரோட்டிலிருந்து தானாக வந்து சேர்ந்தது. அதோடு எங்கள் கதை முடிந்தது. கமிட்டி போட்டார்கள். கல்லுக்குத் தகரக்கூரை வந்தது. பக்தி முற்றிப்போய், எல்லாரும் சேர்ந்து சிரமதானம் செய்து, மானாப்புல்லை ஒரு தூர் விடாமல் வெட்டிச் சுத்தம் பண்ணினார்கள். பள்ளம் சவரம் செய்த முகம் மாதிரி ஆகிவிட்டது. இனி அது சுத்தமான இடம், தீட்டுள்ள பொம்பளைகள் அந்தப் பக்கமே வரக் கூடாது என்று கங்காணி காலையில் ஆள் கணக்கெடுக்கிற பெரட்டில் வைத்துச் சொன்னார். அண்ணி மறுபடியும் தண்ணீரை நிறுத்தினாள்.

முதல் பூசைக்குத் துரையும் வந்தார். பெண்களுக்கு விடியற்காலையிலிருந்து வேலை. பொங்கல் வைக்கவும் பாத்திரம் கழுவவும் மட்டும் அந்தச் சுத்தமான இடத்துக்கு நாங்கள் வரலாம். தப்பு மேளத்தின் அடி உச்சத்துக்குப் போனபோது பக்கத்தில் நின்ற அண்ணிக்கு உடம்பு நடுங்கத் தொடங்கியது. முகமெல்லாம் வேர்வை, பல்லைக் கடித்துக்கொண்டு, கண்ணை இறுக மூடியிருந்தாள். என்னிடம் ஒரு வார்த்தை சொல்லாமல் திட்டம் போட்டிருக்கிறாளே, கள்ளி என்று நினைத்தேன். நம் பங்குக்கும் ஏதாவது செய்வோம் என்று, "சாமி வந்திருச்சு" என்று உரக்கக் குரல் கொடுத்தேன்.

தப்பு நின்றது. கங்காணி துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு அவள் முன்னால் குனிந்தார். "என்ன வேணும் சாமி? சேவல் அறுக்கணுங்களா? கெடா வெட்டணுங்களா?"

"கக்கூசு" என்றாள் அண்ணி.

கங்காணி துரையைப் பார்த்தார். துரை தன் கால் சப்பாத்தைப் பார்த்தார்.

"பொம்பளைங்களுக்கு. மலையில. கதவு வச்சு, உள்தாப்பா வச்சு, தண்ணி வச்சு."

முனிக்கு எதற்கு உள்தாழ்ப்பாள் என்று ஒருவரும் கேட்கவில்லை. "கட்டிடுறோம் சாமி, கட்டிடுறோம்" என்று கங்காணி துரைக்கும் சேர்த்து வாக்குக் கொடுத்தார். வாக்குக் கிடைத்ததும் அண்ணி சேலையைத் தூக்கிச் சொருகிக்கொண்டு றப்பர் மலைப் பக்கம் ஓடினாள். "சாமி மலையேறப் போகுது, ஒருத்தரும் பின்னால போகாதீங்க" என்று கங்காணியே இரண்டு கையையும் விரித்து ஆம்பிளைகளை மறித்து நின்றார். அவர் எங்களுக்குச் செய்த பெரிய உதவி அதுதான்.

அடுத்த மாதமே பாதைக்கு மேலே கக்கூசு எழும்பிவிட்டது. அண்ணி கேட்ட கதவு, கேட்ட தாழ்ப்பாள், வெளியே தண்ணீர்த் தொட்டி. முதல் நாள் அதிலிருந்து அவள் வெளியே வந்தபோது நான் வழியை மறித்துக்கொண்டேன்.

"என்னா நடிப்பு அண்ணி. எனக்கே ஒரு நிமிசம் நெசமா சாமிதான்னு தோணிருச்சு. எப்ப யோசிச்சீங்க?"

அண்ணி தொட்டியில் கையைக் கழுவிக்கொண்டே சொன்னாள். "நடிப்பா? விடியக்காலையில இருந்து அடக்கி வச்சிருந்தேன் புள்ள. ஒடம்பு அதுவா நடுங்குச்சு. நீ சாமின்னு கத்தாம இருந்திருந்தா, அத்தன ஆம்பிளைங்களுக்கும் முன்னால சேலையிலயே போயிருக்கும்."