நாலாவது ஆள்

அறுவடைக் கூலி கூட்டிக் கேட்டதற்காக மிராசுதார் எங்களை ஊரைவிட்டே விரட்டியபோது எனக்கு ஏழு வயது, தங்கைக்கு இரண்டு. குடிசையைப் பிரித்துப் போட்டுவிட்டார்கள். கீழ்வேளூர்ப் பக்கமாக நடந்தோம். நாலாம் நாள் காய்ச்சலில் தங்கை போய்விட்டாள். வாய்க்கால் கரையில் அவளைப் புதைத்த பிறகு அம்மா ஓர் அடிகூட நகரவில்லை. அங்கேயே கீற்று போட்டுக்கொண்டோம். எங்களைப் போல விரட்டப்பட்டவர்கள் பின்னாலேயே வந்தார்கள், தெருவாகிவிட்டது.

நான் எட்டாவது படிக்கும்போது அந்தப் புறம்போக்குக்குப் பட்டா தர அரசாங்கம் முன்வந்தது. அளக்கிற அன்று தெருவில் ஒருவரும் நடவுக்குப் போகவில்லை. சர்வேயரின் சங்கிலி விழப்போகிற இடத்திலெல்லாம் அம்மா சாணி தெளித்து வைத்திருந்தாள்.

“வீட்ல எத்தனை பேரு?”

“நாலு பேருங்கய்யா” என்றாள் அம்மா.

“மூணு பேருதானே நிக்கிறீங்க?”

“சின்னது அந்தாண்ட படுத்திருக்குங்க.”

“இந்நேரத்துக்கு என்ன தூக்கம்? எழுப்பிக் கூட்டிட்டு வா.”

அப்பா தலையைக் குனிந்துகொண்டார். நான்தான் விவரம் சொன்னேன். சர்வேயர் பேனாவை மூடினார், திறந்தார்.

முப்பத்தாறுக்கு முப்பத்தாறு அடி மனை. தங்கை இருக்கும் இடம் பின்பக்க எல்லைக்குப் பதினைந்தடி வெளியே விழுந்தது. அம்மா சங்கிலியைப் பிடித்துக்கொண்டாள்.

“அவளை வெளிய விட்டா நாளைக்கு எவனாச்சும் தோண்டிப் போடுவான். இந்தப் பட்டா எனக்கு வேணாங்க.”

“கெடைக்கிறதையும் கெடுத்துடாதடி!” என்றார் அப்பா.

நான் குச்சியால் மண்ணில் கோடு கிழித்தேன். “சார், அகலத்தை இருபத்து நாலாக்கி, நீளத்தை ஐம்பத்து நாலாக்கினா அதே பரப்புதான் சார்.”

அவர் தாளில் பெருக்கிப் பார்த்தார். மறுபடியும் பெருக்கினார். “யாரு இது, தாசில்தாரா?”

“அப்ப மிச்சம் பன்னெண்டு அடி எனக்குத்தானே?” என்று பக்கத்து வீட்டு அத்தை கேட்க, தெருவே சிரித்தது.

கல் நட்டார்கள். தங்கை உள்ளே வந்துவிட்டாள். அப்பா மனையை நீளவாக்கில் நடந்து பார்த்துவிட்டு வந்தார்.

“ரயில் பெட்டியாட்டம்ல இருக்கு! எதுக்க நீ வந்தா நான் வெளிய எறங்கித்தான் வழிவிடணும்.”

“இருந்துட்டுப் போவுது. இந்த ரயில்லேருந்து நம்மள எவனும் எறக்கிவிட முடியாதுல்ல?” என்றாள் அம்மா.