நாலாயிரம் அம்மாக்களும் ஒரு வக்கீல் நோட்டீஸும்

குரூப் அட்மின் வேலை என்பது கல்யாண வீட்டில் பந்தி பரிமாறுகிற வேலை மாதிரி. சமைத்தது யாரோ, ஆனால் சாம்பாரில் உப்பு இல்லை என்றால் கூப்பிட்டுத் திட்டுவது நம்மைத்தான். இதைப் படிக்கிறவர்களில் ஸ்கூல் வேன் குரூப், தெரு குரூப், சொந்தக்காரர்கள் குரூப் என்று எதற்காவது அட்மினாக இருந்து அவஸ்தைப்படுகிறவர்கள் பாதிப் பேராவது இருப்பீர்கள். வாங்க, பக்கத்தில் உட்காருங்க. நம்ம கதைதான்.

நான் பிரம்மதேசம் பக்கத்துப் பொண்ணு. ஊர்ப் பள்ளிக்கூடத்தில் பிளஸ் டூ வரைக்கும் படித்தேன். கல்யாணமாகித் திண்டிவனம் வந்து, மகள் இனியாவும் பிறந்த பிறகு, "பல்லு முளைக்கும்போது வயிறு போகுமா?" என்று கேட்கக்கூட ஆள் இல்லாமல் ஃபேஸ்புக்கில் அம்மாக்களுக்கு ஒரு குரூப் ஆரம்பித்தேன். திண்டிவனம், விழுப்புரம் அம்மாக்கள் ஒவ்வொருத்தராகச் சேர்ந்து இப்போது நாலாயிரம் பேர் ஆகிவிட்டோம். பல்லில் ஆரம்பித்த பேச்சு பால்காரர் நம்பர், பழைய தொட்டில், மிஸ் அடித்த கதை என்று எங்கெங்கேயோ போய்விட்டது. என் கூட இன்னொரு அட்மின் கீதாக்கா. விழுப்புரத்தில் கோர்ட்டுக்குப் பக்கத்தில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறார்.

விற்பனைக்கு ஒரு குக்கர்

எங்கள் குரூப்பில் யார் என்ன எழுதினாலும் நேராக வெளியே வராது. முதலில் எனக்கும் கீதாக்காவுக்கும் வரும். நாங்கள் பார்த்து 'அப்ரூவ்' அமுக்கினால்தான் மற்றவர்களுக்குத் தெரியும். ரொம்பப் பத்திரமான ஏற்பாடு என்று எங்கள் இரண்டு பேருக்கும் பெருமை. ஆனால் இடுப்பில் இனியா, அடுப்பில் தோசை, வாசலில் தண்ணி லாரி என்று இருக்கிறபோது கட்டைவிரல் ஒன்றுதான் சும்மா இருக்கும். அது பாட்டுக்கு அமுக்கிக்கொண்டே போகும்.

அப்படி அமுக்கியதில் ஒன்று, மயிலம் ரோட்டுப் பெண் ஒருத்தி போட்ட ஐந்து லிட்டர் குக்கர். "அதிகம் புழங்காதது, விற்பனைக்கு" என்று எழுதியிருந்தாள். குக்கர் அவள் மாமியாருடையது. அந்த மாமியாரும் வேறு ஒரு பேரில் எங்கள் குரூப்பில் இருக்கிறார் என்பது பாவம், மருமகளுக்குத் தெரியாது. மாமியார் மருமகளிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. எனக்குத்தான் போன் வந்தது. "ஏம்மா, நீதான் அட்மினா? என் ஊட்டு குக்கர விக்கச் சொல்லி உத்தரவு குடுக்க நீ யாரும்மா?"

கசக்கிற எண்ணெய்

அந்தம்மா கேட்டதில் பாதி சட்டம் இருந்தது. அன்றைக்கு எனக்குப் புரியவில்லை. கீதாக்காவிடம் சொல்லிச் சொல்லிச் சிரித்தேன்.

கொஞ்ச நாள் கழித்து விழுப்புரத்திலிருந்து சுகன்யா என்கிற பெண் ஒரு பதிவு அனுப்பினாள். ஒரு வெள்ளை கேன் போட்டோ, அதில் கடலை எண்ணெய், எங்கள் பக்கத்துப் பேச்சில் மல்லாட்டை எண்ணெய். "பெருமுக்கல் செல்வி செக்கில் வாங்கிய மல்லாட்டை எண்ணெய். வாயில் வைக்க முடியவில்லை, கசப்பு, ஒரே நாத்தம். சுத்தக் கலப்படம். பிள்ளைகளுக்குச் சமைக்கிறவர்கள் யாரும் வாங்காதீர்கள்." கீழே செல்வியின் போன் நம்பர். நான் போட்டோவைப் பார்த்தேன், எண்ணெய் விஷயம் என்று மட்டும் தெரிந்தது, இனியா போனைப் பிடித்து இழுத்தாள், அமுக்கிவிட்டேன்.

சாயந்திரத்துக்குள் கமெண்ட் குவிந்துவிட்டது. "எனக்கும் அதே மாதிரி ஆச்சு", "நானும் சொல்லணும்னு இருந்தேன்" என்று ஆளாளுக்கு எழுதினார்கள். அதில் ஒருத்தி என் பக்கத்துத் தெரு. எனக்குத் தெரிந்து அவள் வீட்டில் பாக்கெட் எண்ணெய்தான். நேரில் பார்த்தபோது, எப்போது அந்தச் செக்கில் வாங்கினாய் என்று கேட்டேன். கொஞ்சமும் கூச்சமில்லாமல் சொன்னாள்: "நான் எங்க வாங்கினேன்க்கா? எல்லாரும் சொல்லிக்கினு இருக்காங்களே, நம்ம மட்டும் சும்மா இருந்தா நல்லா இருக்காதுன்னு போட்டேன்."

ரிஜிஸ்தர் தபால்

அடுத்த வாரம் போஸ்ட்மேன் அண்ணன் ஒரு நீளக் கவரோடு வந்தார். கையெழுத்துப் போட்டு வாங்கிப் பிரித்தால், செல்வியின் வக்கீல் அனுப்பிய நோட்டீஸ். முதல் ஆள் எழுதிய சுகன்யா. இரண்டாவது ஆள், 'மேற்படி பதிவைப் பரிசீலித்து அனுமதி வழங்கிய' நான். பதிவை நீக்க வேண்டும், வருத்தம் தெரிவிக்க வேண்டும், தவறினால் அவதூறு வழக்கு. பரிசீலித்தேனாம். தோசையைக்கூட நான் அன்றைக்குச் சரியாகப் பரிசீலிக்கவில்லை, கருகித்தான் போனது.

முதல் வேலையாகப் பதிவை நீக்கினேன். இனியாவைத் தூக்கிக்கொண்டு வாய்தாவுக்கு வாய்தா கோர்ட்டு வாசலில் நிற்கிறேன் என்று கண்ணுக்கு முன்னால் படம் ஓடியது. வீட்டுக்காரர் மில்லிலிருந்து வந்து நோட்டீஸை இரண்டு தரம் படித்தார். ஆறுதலாக ஏதாவது சொல்வார் என்று முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். "ஜாமீனுக்கு ரெண்டு பேரு வேணுமே. ஒண்ணு நான் வர்றேன். இன்னொண்ணுக்கு உன் நாலாயிரம் பேர்ல எவளாவது வருவாளான்னு கேட்டுப் பாரு."

வாசலில் நிற்கிற ஆள்

கீதாக்கா தன் கடைக்கு ஜெராக்ஸ் எடுக்க வரும் வக்கீல் ஒருவரிடம் என்னைக் கூட்டிப் போனார். நல்ல மனுஷன். இனியாவுக்கு பிஸ்கட் கொடுத்து உட்கார வைத்துவிட்டுப் பொறுமையாகச் சொன்னார். மெம்பர் எழுதுவதற்கெல்லாம் அட்மினைப் பிடித்து உள்ளே வைத்துவிட முடியாதாம். ஆனால் ஒவ்வொன்றையும் பார்த்து, சரி என்று நாமே உள்ளே விட்டால், எனக்குத் தெரியாது என்று சொல்லிக் கையை உதறுவது கஷ்டமாம். தப்பு என்று தெரிய வந்த பிறகும் எடுக்காமல் வைத்திருந்தால் இன்னும் மோசமாம். "எடுத்துட்டீங்க இல்ல? போதும். அவங்க வக்கீலுக்குப் பதில் நான் பார்த்துக்கிறேன்" என்றார்.

எனக்கு உயிர் வந்தது. எழுந்து கும்பிடு போட்டேன். குரூப்பில் 'என் தப்புதான், மன்னிச்சிடுங்க' என்று நாலு வார்த்தை போட்டுவிடலாமா என்று கேட்டேன். மனுஷன் நாற்காலியை விட்டு எழுந்தே விட்டார். "அய்யோ, அத மட்டும் செஞ்சிடாதம்மா! உன் கையாலயே எழுதிக் குடுத்தா அப்புறம் அவங்களுக்குச் சாட்சி எதுக்கு, நான்தான் உனக்கு எதுக்கு?"

பெருமுக்கல்

சட்டப்படி வாயை மூடிக்கொண்டு இருந்திருக்க வேண்டும். ஆனால் அந்தச் செல்வி யார் என்று ஒரு தரம் பார்க்காமல் எனக்குச் சோறு இறங்கவில்லை. வக்கீலிடம் சொல்லாமல், திண்டிவனத்துக்குப் பக்கத்தில் இருக்கும் பெருமுக்கல்லுக்குப் போனேன்.

மலைக்குப் போகிற வழியில் ஒரு ஷெட்டு. உள்ளே கரண்டுச் செக்கு, ஓடவில்லை. செல்வியக்கா மல்லாட்டை புடைத்துக்கொண்டிருந்தார். நான்தான் அட்மின் என்று சொன்னதும் முறம் நின்றது. ஆனால் திட்டவில்லை. சுவரோரம் அடுக்கியிருந்த டின்களைக் காட்டினார். வாடிக்கையாக வாங்கும் பத்து வீட்டில் ஏழு வீடு நின்றுவிட்டதாம். அவர் எண்ணெயை என் உள்ளங்கையில் இரண்டு சொட்டு விட்டார். நக்கிப் பார்த்தேன். எங்கள் அப்பா நிலத்து மல்லாட்டையை வறுத்த மாதிரி வாசனை. கசப்பே இல்லை.

"கேன்ல எப்படிக்கா கசந்தது?" என்றேன். கேன் இவர் கொடுத்ததே இல்லையாம். செக்கில் எண்ணெய் வாங்குகிறவர்கள் அவரவர் வீட்டுப் பாத்திரத்தைக் கொண்டுவருவதுதான் வழக்கம். இவர் அளந்து ஊற்றுவதோடு சரி. பதிவை எடுத்துவிட்டேன், இனி யாரும் பார்க்க முடியாது என்று கெஞ்சாத குறையாகச் சொன்னேன். செல்வியக்கா முறத்தை மறுபடி கையில் எடுத்தார். "போன்லருந்து எடுத்துட்ட, சரி. படிச்சவங்க மண்டையிலருந்து அத யாரு எடுக்கறது?"

சுகன்யா வீட்டு கேன்

மறுநாள் கீதாக்காவும் நானும் சுகன்யா வீட்டுக்குப் போனோம். அவளுக்கும் நோட்டீஸ் வந்திருந்தது. அழுது அழுது முகமே வீங்கியிருந்தது. "நான் பொய் சொல்லலக்கா, நெசமாவே கசந்துச்சு. நீங்களே பாருங்க" என்று கேனைக் கொண்டுவந்து மூடியைத் திறந்தாள். கீதாக்கா முகர்ந்துவிட்டு மூக்கைப் பொத்திக்கொண்டார். கசந்தது உண்மைதான். நாக்கில் வைக்காமலே தெரிந்தது.

இந்தக் கேன் ஏது என்று கேட்டேன். கொல்லையில் கிடந்தது, கழுவித்தான் எடுத்துப் போனேன் என்றாள். அதற்குள் செடிக்குத் தண்ணி விட்டுக்கொண்டிருந்த அவள் மாமியார் உள்ளே வந்தார். எங்கள் கையில் இருந்த கேனைப் பார்த்ததும் அவருக்குக் கோபம் வந்துவிட்டது. "இத எதுக்குடி தூக்கினு வந்த? மல்லிச் செடிக்குப் பூச்சி வந்தா அடிக்க வேப்பெண்ண வெச்சிருந்த கேனு ஆச்சே!"

சாட்சி

வெளியே வந்ததும் நான் போனை எடுத்தேன். கீதாக்கா என் கையைப் பிடித்துக்கொண்டார். வக்கீல் என்ன சொன்னார் என்று ஞாபகப்படுத்தினார். பதிவை எடுத்தாகிவிட்டது, நமக்கு இனி பயமில்லை, நீயே போய்க் கழுத்தை நீட்டாதே என்றார். நியாயம்தான். எழுதினால் எனக்குக் கேஸ். எழுதாவிட்டால் செல்வியக்காவின் செக்கு ஓடாது. பஸ் ஸ்டாண்டு வரைக்கும் யோசித்தேன். திண்டிவனம் பஸ்ஸில் ஏறி உட்கார்ந்ததும் எழுதினேன்.

"செல்வி செக்கு எண்ணெயில் கலப்படம் என்று வந்த பதிவை அனுமதித்தது நான். படித்துப் பார்க்காமல் அனுமதித்தேன். எண்ணெயில் குறை இல்லை. ஊற்றிய கேனில் முன்பு வேப்பெண்ணெய் இருந்திருக்கிறது. நானே போய்ப் பார்த்தேன், எண்ணெயையும் சாப்பிட்டுப் பார்த்தேன். தப்பு என்னுடையது. செல்வியக்கா மன்னிக்கணும்." பேரையும் போட்டு, எல்லாருக்கும் முதலில் தெரிகிற மாதிரி குரூப் தலையிலேயே நிறுத்திவைத்தேன். பஸ் கூட்டேரிப்பட்டு தாண்டுவதற்குள் சுகன்யா கீழே எழுதிவிட்டாள், "கேன் எங்க வீட்டுது. நானும் மன்னிப்பு கேட்டுக்கிறேன்" என்று. அடுத்து கீதாக்காவின் போன். "எழுதிட்டியாடி? நல்லா இரு. இனிமே வக்கீல் சாரு கடைக்கு வந்தா நான் ஜெராக்ஸ் மெஷின் பின்னாலதான் குந்திக்கினு இருக்கணும்."

கலரா, கருப்பு வெள்ளையா?

மூன்று நாள் ஒரு சத்தமும் இல்லை. நாலாவது நாள் கீதாக்கா கடைக்கு ஒரு குமாஸ்தா வந்திருக்கிறார். செல்வியக்கா வக்கீலின் குமாஸ்தா. போனை நீட்டி, இதைப் பெரிதாகப் பிரிண்ட் போடுங்கள் என்றிருக்கிறார். பார்த்தால் என் மன்னிப்பு. கீதாக்காவுக்குக் கை ஓடவில்லை. நம் பிள்ளையை மாட்டிவிடுகிற சாட்சியை நம் மெஷினிலேயே எடுக்க வேண்டியதாகிவிட்டதே என்று வயிற்றெரிச்சல். தொழில் தொழில்தானே, கலரா கருப்பு வெள்ளையா என்று கேட்டிருக்கிறார்.

கலர் என்றவர், லேமினேஷனும் போடச் சொல்லியிருக்கிறார். கீதாக்கா துணிந்து, "கோர்ட்டுல குடுக்கவா சார்?" என்று கேட்டுவிட்டார். குமாஸ்தா சிரித்துவிட்டாராம். "கோர்ட்டுக்கு எதுக்கும்மா லேமினேஷனு? கேஸெல்லாம் வேணாம்னு அந்தம்மா சொல்லிடுச்சு. செக்குல மாட்டணுமாம். எண்ணெக் கை படும் இல்ல?"

நாலு வரி

பாதிக்கு மேல் வீடுகள் திரும்ப வந்துவிட்டன என்று செல்வியக்காவே போனில் சொன்னார். இப்போது அவரும் எங்கள் குரூப்பில் மெம்பர். போன வாரம் அவருடைய முதல் பதிவு அனுமதிக்கு வந்தது. புது மல்லாட்டை எண்ணெய் தயார், வாங்க வருகிறவர்கள் பாத்திரத்தை முகர்ந்து பார்த்துக் கொண்டுவரவும் என்று எழுதியிருந்தார். அடுப்பை அணைத்தேன். இனியாவைக் கீழே இறக்கினேன். ஒரு தரம் படித்தேன். நம்பர் சரியா என்று பார்த்தேன். மறுபடி முதலிலிருந்து படித்தேன். அதற்குள் போன் அடித்தது, செல்வியக்காதான். "ஏ கண்ணு, இன்னும் இன்னா படிச்சிக்கினு இருக்க? நாலு வரிதானே எழுதியிருக்கேன், ஜல்தியா அமுக்கு!"

நாலாயிரம் பேர் எழுதுவதற்கு அட்மின் எவ்வளவு தூரம் பொறுப்பு என்பதைப் படித்தவர்கள் நிதானமாகப் பேசி முடிக்கட்டும். என் தப்பு மட்டும் தண்ணி பட்டாலும் எண்ணெய் பட்டாலும் அழியாதபடி கலரில் பெருமுக்கல்லில் தொங்கிக்கொண்டிருக்கிறது.