சீருடை போட்டு மிதிவெடிப் பாடம்

யுத்தம் முடிந்த இடங்களுக்குப் போகிற ராணுவ அதிகாரிகள் எல்லோரும் துப்பாக்கியோடு திரிவதில்லை. என்னைப்போலச் சிலர் போஸ்டரும் பசையுமாகத் திரிவோம். யாழ்ப்பாணத்தில் பிறந்து ரொறன்ரோவில் வளர்ந்த நான் கனடா ராணுவத்தில் கப்டன். மிதிவெடி எங்கே இருக்கும், கண்டால் என்ன செய்வது என்று சனங்களுக்குச் சொல்லிக்கொடுப்பது என் வேலை. சபைக்கு முன்னால் நின்று கேள்வி வாங்கியவர்களுக்கு என் பாடு விளங்கும்.

போஸ்டரின் பின்பக்கம்

முதலில் போனது வேறொரு நாட்டுக்கு. அங்கே புதிதாகத் திறந்த பள்ளிக்கூடம் ஒன்றுக்கு, மண்டையோடு போட்ட பெரிய போஸ்டர்களை ஒரு கட்டாகக் கொடுத்துவிட்டு வந்தேன். ஒரு மாதம் கழித்துப் போனால் சுவரில் ஒன்றே ஒன்றுதான் இருந்தது. மற்றவற்றை ரீச்சர் நாலாகக் கிழித்து, பின்பக்கத்தில் பிள்ளைகளைக் கணக்குச் செய்ய விட்டிருந்தா. எனக்குக் கோபம். அதைக் கிழிக்கக்கூடாது என்று சட்டம் கதைத்தேன். அடுத்த முறை ஒரு ஜீப் நிறைய எழுதுகிற கொப்பி ஏற்றிக்கொண்டு போனதற்கு, மொழிபெயர்ப்பாளர் மூலம் அவ சொன்ன பதில்தான் காரணம்:

"இந்தப் பிள்ளைகளிட்ட பயம் தேவையான அளவு இருக்கு, கப்டன். கொப்பிதான் இல்லை."

கண்ணை மூடிக்கொண்டு

ரொறன்ரோவின் மல்வேர்ன் பகுதியில் ஒரு நூலகம். கோடை விடுமுறைக்கு ஊருக்குப் போகிறவர்களுக்கு மிதிவெடி பற்றிச் சொல்லக் கூப்பிட்டிருந்தார்கள். நான் சீருடையோடு உள்ளே போனதும் முன்வரிசையில் இருந்த அன்ரி ஒருவர் எழும்பி வெளியே போய்விட்டார். பின்னாலேயே போனேன். சீருடை போட்டவர்கள் வந்துதான் தன் தம்பியைக் கூட்டிக்கொண்டு போனார்கள் என்றார். அவன் திரும்பி வரவில்லை. மேல்சட்டையைக் கழற்றிவிட்டுப் பேசட்டுமா என்று கேட்டேன். அவர் உள்ளே வந்து கடைசி வரிசையில் இருந்துகொண்டு சொன்னார்:

"கழட்ட வேண்டாம் பிள்ளை. நீர் தமிழில கதையும், நான் கண்ணை மூடிக்கொண்டு கேக்கிறன்."

ஞாபகப்பொருள்

ரொறன்ரோவுக்குப் பக்கத்தில் யூனியன்வில்லில் ஒரு மண்டபத்தில் பேசி முடித்ததும், அறுபது வயது மதிக்கத்தக்க அண்ணை ஒருவர் பையிலிருந்து சிவப்புத் தகரப் பலகை ஒன்றை எடுத்து மேசையில் வைத்தார். மண்டையோடு போட்ட மிதிவெடி அறிவிப்பு. வன்னியில் தன் சொந்தக் காணி வேலியில் இருந்ததாம். போன மாதம் போனபோது ஞாபகத்துக்குக் கழற்றிக்கொண்டு வந்தாராம். சிரித்துக்கொண்டுதான் காட்டினார். இப்போது அந்த வேலியில் என்ன இருக்கிறது என்று மட்டும் கேட்டேன். அவர் முகம் மாறிவிட்டது.

அந்த இடத்திலேயே ஊரில் இருக்கும் தங்கைக்கு ஃபோன் எடுத்தார். காணிப்பக்கம் ஒருவரையும் விட வேண்டாம், வெடி அகற்றுகிறவர்களிடம் ஓடிப்போய்ச் சொல்லு என்று இரண்டு மூன்று தடவை சொன்னார். நாலாம் நாள் புதுப் பலகை நட்டுவிட்டதாகத் தகவல் வந்தது. ஒருவருக்கும் ஒன்றும் ஆகவில்லை. அடுத்த கூட்டத்தில் அவர் தானாகவே எழும்பி நின்று இந்தக் கதையைச் சபைக்குச் சொன்னார். முடிக்கும்போது சொன்னார்:

"நான் கழட்டிக்கொண்டு வந்தது பலகையை இல்லை, ஆரோ ஒரு பிள்ளையின்ர காலை."

ராணுவம் என்றால் கட்டளை போடுகிற உத்தியோகம் என்று நினைத்துத்தான் சேர்ந்தேன். இத்தனை வருடத்தில் நான் போட்ட கட்டளையை விட நின்று வாங்கிய பேச்சுத்தான் அதிகம்.