வெயிலில் தெரியாத மின்னல்

பாட்டின் நடுவே சுளகில் அரிசி கொட்டினாற்போல "கரகர" என்று ஒரு சத்தம். பேசாலையில் நாங்கள் வளர்ந்த வீட்டில், மழைக்காலம் நெருங்குகிற மாலைகளில், எங்கள் பழைய "றேடியோ" அப்படித்தான் பாடும். அம்மாவுக்கு அது எரிச்சல். உயர்தர வகுப்பில் விஞ்ஞானம் படித்துக்கொண்டிருந்த என் அக்கா றஞ்சிக்கோ அது அதிசயம்.

ஒரு பின்னேரம் கடலுக்கு மேலே மின்னியபோது என்னைக் கூப்பிட்டுக் காட்டினாள். வெளிச்சம் அடித்த அதே கணத்தில் றேடியோவும் கரகரத்தது. முழக்கம் பிறகு, ஆறுதலாகப் பிந்தி வந்தது.

"மின்னல் வெளிச்சத்தை மட்டும் விடுறேல்லையடி, றேடியோ அலையையும் சேர்த்துத்தான் விடுது. ரெண்டும் ஒரு வயித்துப் பிள்ளையள். வேகமும் ஒண்டுதான், அலையின்ர நீளம்தான் வேற. குட்டை அலையைக் கண் பிடிக்கும், நீட்டு அலையை றேடியோ பிடிக்கும்" என்றாள்.

மறுநாள் மத்தியானம் கண் கூசுகிற வெயில். கடல் குளம்போலக் கிடந்தது. அப்பா "தொழிலுக்கு"ப் போக வலையை வள்ளத்தில் ஏற்றிக்கொண்டிருக்கையில், வீட்டில் றேடியோ ஓயாமல் கரகரக்கத் தொடங்க, அக்கா அதைத் தூக்கிக்கொண்டு கரைக்கு ஓடினாள். நானும் பின்னால் ஓடினேன்.

"அப்பா, இண்டைக்குப் போகாதேங்கோ. எங்கேயோ மின்னுது. வெயிலுக்குள்ள எங்கட கண்ணுக்குத் தெரியேல்லை, றேடியோவுக்குத் தெரியுது."

"அது பழசு பிள்ளை, பற்றறி இறங்கியிருக்கும்" என்று அப்பா சிரித்தார்.

அக்கா விடவில்லை. பக்கத்து வீட்டு மாமாவின் புது றேடியோவையும் வாங்கிவந்து, இரண்டையும் வள்ளத்துப் பலகையில் அருகருகே வைத்தாள். இரண்டும் ஒன்றாகக் கரகரத்தன, ஒன்றாக அடங்கின, மறுபடியும் ஒன்றாகக் கரகரத்தன. அப்பா தலையைச் சரித்துக் கேட்டுக்கொண்டு நின்றார். பிறகு வலையை இறக்கினார். அன்று மாமாவும் போகவில்லை.

பொழுதுபடுவதற்குள் கடல் கறுத்து, காற்றும் மழையுமாக வந்து, எங்கள் கண்முன்னே கரையோரப் பனையொன்றில் மின்னல் இறங்கியது. அப்பா வாசலில் நின்று கடலையே பார்த்தார். "இந்நேரம் நான் அதுக்குள்ள நிண்டிருப்பன்" என்று அவர் மெல்லச் சொன்னதும், அம்மா அக்காவை இழுத்துக் கட்டிக்கொண்டு அழுதார்.

அந்த றேடியோ எப்போதோ துருப்பிடித்துப் போயிற்று. இன்றைய பண்பலை வானொலியில் பாட்டு துல்லியமாகக் கேட்கிறது, மின்னல் குறுக்கிடுவதில்லை. வானிலை எச்சரிக்கை கைபேசிக்கே வந்துவிடுகிறது. அக்கா அடம்பன் பள்ளிக்கூடத்தில் பௌதிகம் படிப்பிக்கிறாள். அப்பாவும் இப்போது இல்லை. ஆனால் அவர் முதிர்ந்த வயதில், தன் கட்டிலில், பேரப்பிள்ளைகள் சுற்றி நின்று செபம் சொல்லக் கண்மூடினார். எங்கள் கரையில் எல்லா வீட்டுக்கும் கிடைக்காத பேறு அது.